காதைப் பழக்கிய ஆல்பங்கள்

வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் இசைப்பற்றை எனக்குள் உருவாக்கிய ஆல்பங்கள் எவை, புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம் என்பது கேள்வி. பிடித்த ஆல்பங்கள் எவை என்று மட்டும் கேட்டிருந்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். உருவாக்கியவை எவை என்று கேட்கும்போது அது சட்டெனச் சுருங்கிவிடுகிறது. ஓர் ஆல்பத்தைக் கேட்டு முடித்த பிறகு, அதோடு தொடர்பே இல்லாத வேறு இசையையும் முன்பு கேட்காத விதத்தில் கேட்கத் தொடங்கினேன் என்றால்தான், அது என்னை உருவாக்கியது என்று சொல்வேன். கர்நாடக இசையின் பெரும் பாடகர்கள் இதில் இல்லையே என்று சிலருக்குத் தோன்றலாம். அவர்கள் எனக்குக் கச்சேரிகள் வழியாகவும் கச்சேரிப் பதிவுகள் வழியாகவும் வந்து சேர்ந்தவர்கள். கச்சேரிக்கு உரிய கட்டமைப்பு வேறு, ஆல்பமாகவே சிந்திக்கப்பட்ட ஒன்றின் கட்டமைப்பு வேறு என்பதால் அவர்களை இங்கே சேர்க்கவில்லை.

ஆல்பமாகச் சிந்திக்கும் வழக்கமே ஒரு தொழில்நுட்ப மாற்றத்தால் வலுப்பெற்றது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசைதான் அடங்கும். அதற்குள் ஆலாபனையும் கீர்த்தனையும் ஸ்வரமும் திணிக்கப்பட வேண்டியிருந்தது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்.பி. தட்டை (நீண்ட நேரம் ஓடும் தட்டு) அறிமுகப்படுத்தியபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் இடம் கிடைத்தது. நேரம் கூடியதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, நடுவில் ஒரு கட்டாய இடைவெளி வந்ததுதான். தட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்பதால், முதல் பக்கம் எந்த மனநிலையில் முடிகிறது, இரண்டாம் பக்கம் எதில் தொடங்குகிறது என்பவை கலைஞரின் முடிவுகளாயின. குறுந்தகடும் இணையமும் அந்த இடைவெளியை நீக்கிவிட்டாலும், அக்காலத்து ஆல்பங்களைக் கேட்கும்போது அது எங்கே இருந்தது என்பதை அறிந்து, அங்கே சற்று நிறுத்திக் கேட்பது நல்லது.

என் காதைப் பழக்கியவற்றுள் முதலாவது, கனடாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் கிளென் கூல்ட் வாசித்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'. 1741-இல் அச்சேறிய இந்தப் படைப்பில் தொடக்கத்தில் ஓர் 'ஏரியா', அதன்பின் முப்பது மாறுபாடுகள், இறுதியில் மீண்டும் அதே ஏரியா என மொத்தம் 32 பகுதிகள் உள்ளன. ஏரியாவின் அழகான மெட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, அது அடுத்தடுத்த பகுதிகளில் எப்படி உருமாறுகிறது என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. மாறாமல் தொடர்வது மேலே ஒலிக்கும் மெட்டு அல்ல. இடது கை வாசிக்கும் கீழ் ஸ்வரங்களின் வரிசையும் அதன்மேல் எழும் ஸ்வரக்கூட்டுகளின் ஒழுங்கும்தான். அந்த அடித்தளத்தின் நீளமும் 32 அளவுகள் (பார் எனப்படும் தாள அலகுகள்). நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். நிரவலில் சாகித்ய வரியும் எடுப்பும் மாறாமலிருக்க, ராகம் அதன்மேல் புதிது புதிதாக விரிகிறது. இங்கே அடித்தளம் மாறாமலிருக்க, மேலே உள்ள அனைத்தும் மாறுகின்றன. ஒவ்வொரு மூன்றாவது மாறுபாடும் ஒரு குரலை இன்னொரு குரல் சற்றுத் தாமதமாகப் பின்தொடரும் 'கேனன்' வடிவில் அமைந்திருக்கிறது. பின்தொடரும் குரல் முதல் கேனனில் அதே ஸ்வரத்திலும், அடுத்ததில் ஒரு ஸ்தானம் தள்ளியும், அதற்கடுத்ததில் இரண்டு ஸ்தானம் தள்ளியும் தொடங்குகிறது. முப்பதாவது இடத்தில் இன்னொரு கேனனை எதிர்பார்க்கும்போது, பாக் அன்றைய நாட்டுப்பாடல் மெட்டுகளைக் கோத்து வைக்கிறார்.

கூல்ட் இதை இருமுறை ஸ்டூடியோவில் பதிவு செய்தார். 1955-இல், இருபத்திரண்டு வயதில் செய்த பதிவு 38 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது; 1981-இல் செய்த பதிவு 51 நிமிடங்கள் நீள்கிறது. இரண்டாவதில் சில பகுதிகளைத் திருப்பி வாசிக்கிறார் என்பது அதற்கு ஒரு காரணம் என்றாலும், ஏரியாவை மட்டும் ஒப்பிட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்: இளமையில் இரண்டு நிமிடத்துக்குள் முடித்ததை, பிற்காலத்தில் மூன்று நிமிடமாக்கி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அடுத்ததிலிருந்து பிரித்து வைக்கிறார். இரண்டாவது பதிவு 1982-இல் வெளிவந்த சில வாரங்களிலேயே அவர் காலமானார். அதனாலேயே பலர் அதை ஒரு விடைபெறுதலாகக் கேட்கிறார்கள். நான் அப்படிக் கேட்பதில்லை. அதில் எனக்குக் கேட்பது, ஒரு பகுதியின் நடைக்கும் அடுத்த பகுதியின் நடைக்கும் இடையே கணக்கான ஓர் உறவை நிறுவி, முப்பத்திரண்டு துண்டுகளை ஒரே நாடித்துடிப்பில் கட்ட முயலும் ஒரு மனத்தின் பிடிவாதம். வாசிக்கும்போது அவர் முனகிப் பாடுவதும் இரு பதிவுகளிலும் கேட்கிறது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கோ அது எந்தக் குரலை அவர் முன்னிறுத்த நினைக்கிறார் என்பதைக் காட்டும் வழிகாட்டி. இதைக் கேட்ட பிறகு, எந்த இசையைக் கேட்டாலும் என் கவனம் தானாகவே கீழ்ஸ்தாயிக்குப் போய்விடுகிறது. திரைப்பாடல்களில் பேஸ் கிதார் என்ன செய்கிறது என்பதை நான் கவனிக்கத் தொடங்கியதும் இதற்குப் பிறகுதான்.

கூல்டின் அவ்விரு பதிவுகளும் நியூயார்க்கில் முப்பதாவது தெருவில் இருந்த கொலம்பியாவின் ஸ்டூடியோவில் நடந்தவை. முன்பு தேவாலயமாக இருந்த அந்தக் கட்டடத்தின் உயர்ந்த கூரைதான் அங்கே பதிவான இசைக்கு ஒரு விரிந்த ஒலியைத் தந்தது. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில் பதிவானதும் அதே இடத்தில்தான். டிரம்பெட்டில் டேவிஸ், சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும், பியானோவில் பில் எவன்ஸ், ஒரே ஒரு பாடலில் மட்டும் அவருக்குப் பதிலாக வின்டன் கெல்லி, பேஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப். இவர்களில் யாரைத் தனியாக எடுத்தாலும் ஓர் ஆல்பத்தைத் தாங்கக் கூடியவர். ஆனால் இந்த ஆல்பத்தில் நான் கற்றது, இவர்கள் எப்போது வாசிக்காமல் இருக்கிறார்கள் என்பதைக் கவனிப்பதைத்தான்.

அதுவரை ஜாஸ், வேகமாக மாறிக்கொண்டே இருக்கும் கார்டுகளின் (ஸ்வரக்கூட்டுகளின்) மேல் தாவித் தாவிச் செல்வதாக இருந்தது. டேவிஸ் அந்த மாற்றங்களைக் குறைத்து, ஒரே ஸ்வர வரிசையில் நீண்ட நேரம் தங்கும்படி செய்தார். முதல் பாடலான 'ஸோ வாட்' நமக்கு மிகவும் பழக்கமான வரிசையில் அமைந்தது: கரகரப்பிரியாவின் ஏழு ஸ்வரங்கள். ராகம் என்று சொல்லிவிட முடியாது, கமகமும் (ஸ்வரத்தின் அசைவு) பிடிகளும் (ராகத்துக்கே உரிய சொற்றொடர்கள்) இல்லை; வரிசை மட்டும் அதுதான். பதினாறு அளவுகள் அதில் சென்ற பிறகு, சட்ஜமே அரை ஸ்தானம் மேலே நகர்ந்துவிடுகிறது. எட்டு அளவுகள் அங்கே இருந்துவிட்டு மீண்டும் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. தம்பூராவின் அசையாத சுருதியில் ஊறிய காதுக்கு இது முதலில் கலக்கத்தைத் தரும். கிரகபேதம் போன்றதும் அல்ல இது, ஏனெனில் அங்கே ஸ்வரங்கள் அப்படியே இருக்க ஆதாரம் மட்டும் மாறுகிறது. இங்கே எல்லாம் சேர்ந்தே நகர்கின்றன. எந்தத் தனி வாசிப்பில் யார் அந்த நகர்வை முன்கூட்டியே உணர்த்துகிறார், யார் கடைசி நொடிவரை மறைத்து வைக்கிறார் என்று கவனித்தாலே ஒவ்வொருவரின் குணமும் புலப்பட்டுவிடும். கடைசிப் பாடலான 'ஃபிளமென்கோ ஸ்கெச்சஸ்' இன்னும் துணிச்சலானது. ஐந்து ஸ்வர வரிசைகள் மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கின்றன; ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்குவது என்பது வாசிப்பவரின் விருப்பம். ராகமாலிகையில் ஆலாபனை செய்பவர் அடுத்த ராகத்துக்கு எப்போது நகரலாம் என்று தீர்மானிக்கும் கணத்தை ரசிப்பவர்கள், இங்கே அதே கணத்தைத் தனி வாசிப்பு ஒவ்வொன்றிலும் கேட்கலாம்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: மார்ச் பதிவின்போது ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் பல பத்தாண்டுகளாக உண்மையான சுருதியைவிடச் சற்று உயர்ந்தே ஒலித்துவந்தன. 1990-களில் வந்த பதிப்புகளில்தான் அது திருத்தப்பட்டது. திருத்திய பதிப்பைத் தேடிக் கேளுங்கள். அந்தச் சிறு வேறுபாடு 'புளூ இன் கிரீன்' பாடலின் கனத்தையே மாற்றிவிடுகிறது.

அந்தக் குழுவில் இருந்த கோல்ட்ரேன் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, 1964 டிசம்பர் 9 அன்று பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' பற்றி எழுதும்போது என்னால் நிதானமாக இருக்க முடிவதில்லை. மெக்காய் டைனர், ஜிம்மி கேரிசன், எல்வின் ஜோன்ஸ் ஆகிய மூவருடன் அவர் வாசித்த நான்கு பகுதிகள், அரை மணிக்குச் சற்றே கூடுதலான நேரம், அவ்வளவுதான் ஆல்பம். முதல் பகுதியின் விதை பேஸில் ஒலிக்கும் நான்கே ஸ்வரங்கள். பகுதி முடிவை நெருங்கும்போது கோல்ட்ரேன் அந்த நான்கு ஸ்வரங்களைப் பன்னிரண்டு ஸ்தானங்களுக்கும் எடுத்துச் செல்கிறார், எங்கே போனாலும் அதே சொல்தான் என்று காட்டுவதைப் போல. அதன்பிறகே மனிதக் குரல் 'எ லவ் சுப்ரீம்' என்ற அந்தச் சொல்லை உச்சரிக்கிறது. இறைவனை நோக்கிய நன்றியாக இந்த ஆல்பத்தை அவர் படைத்தார் என்பதை உறையிலேயே எழுதியிருக்கிறார்.

ஆனால் என்னை மாற்றியது நான்காம் பகுதியான 'சாம்' (விவிலியத்தின் துதிப்பாடலைக் குறிக்கும் சொல்). அதில் தாளக்கட்டு இல்லை. டிரம்ஸ் இடி போல உருண்டுகொண்டிருக்க, சாக்ஸபோன் நீண்ட சொற்றொடர்களில் மேலேறிக் கீழிறங்குகிறது. கோல்ட்ரேன் எழுதி உறையில் அச்சிட்ட கவிதையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டால், அவர் அக்கவிதையைத்தான் அசை அசையாக வாசிக்கிறார் என்பது தெரியும். பாடகர் இல்லை, ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் இறங்குவது போலவே ஸ்வரம் இறங்குகிறது. விருத்தம் பாடுவதைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இது அந்நியமாக இருக்காது. தாளத்தின் பிடியில்லாமல், சொல்லின் மூச்சே அளவாக, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ராகம் நின்று யோசிக்கும் அதே முறை. சொல் மட்டும் வாய்க்குள்ளேயே இருந்துவிட்டது. இந்தப் பகுதியைக் கேட்டபின், நாதஸ்வரத்திலும் வீணையிலும் கீர்த்தனை வாசிக்கப்படும்போது மறைந்திருக்கும் சாகித்யத்தின் அசைகளைத் தேடிக் கேட்கும் வழக்கம் எனக்கு வந்தது. எந்தக் கலைஞர் சாகித்யத்தை அறிந்து வாசிக்கிறார், எவர் மெட்டை மட்டும் வாசிக்கிறார் என்பது அதில் வெளிப்பட்டுவிடும்.

1967-இல் வந்த 'கால் ஆஃப் த வேலி' இவற்றைப் போல இறுக்கமான கட்டுமானம் கொண்டதல்ல. காஷ்மீரத்து இடையர் ஒருவரின் ஒரு நாளை ராகங்களால் சொல்வது அதன் திட்டம்: காலைக்கு ஆஹிர் பைரவ், பிறகு பொழுது நகர நகர பூப், தேஷ், பஹாடி என்று செல்கிறது. ஆஹிர் பைரவின் ஸ்வரங்களில் சக்கரவாகத்தையும் பூப்பில் மோகனத்தையும் அடையாளம் காண்பது தமிழ் ரசிகருக்குக் கிடைக்கும் கூடுதல் மகிழ்ச்சி. ஆனால் நான் அதில் கற்றது வாத்தியங்களின் குணத்தை. சிவகுமார் சர்மாவின் சந்தூர் தட்டி ஒலிக்கும் வாத்தியம். தட்டியதும் ஒலி தேயத் தொடங்கிவிடும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதற்கு வழியில்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோ மூச்சு உள்ளவரை நிற்கும். பிரிஜ்பூஷண் காப்ராவின் கிதார் அந்த இரண்டுக்கும் நடுவில், மீட்டித் தொடங்கி வழுக்கிச் செல்கிறது. ஒரே சொற்றொடர் இந்த மூவரிடமும் கைமாறும்போது எது உதிர்கிறது, எது மிஞ்சுகிறது என்று கேட்டால், ராகத்தின் உயிர் ஸ்வரங்களில் மட்டும் இல்லை என்பது விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும்.

ஜான் மெக்லாஃப்லினின் 'சக்தி' குழு 1976-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் ஒரு நேரடி நிகழ்ச்சியின் பதிவு. எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர் மெக்லாஃப்லின்; தந்திகளைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்புவதற்காகத் தன் கிதாரின் விரற்பலகையையே குழியாகச் செதுக்க வைத்தார். எல். ஷங்கரின் வயலினும், ஜாகிர் உசேனின் தபலாவும், டி. எச். விநாயக்ராமின் கடமும், ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும் சேர்ந்து முதல் பாடலில் பதினெட்டு நிமிடம் ஓடும் வேகம், தாளக் கணக்கின் மீதான பயத்தை எனக்குப் போக்கியது என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' 1986-இல் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. இரு மரபுகளைக் கலப்பது எளிது என்று நினைப்பவர்கள், ஒரு கமகத்தின் அடியில் ஓர் ஒத்திசைவை வைத்துப் பார்க்க வேண்டும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் இயல்பு. ஐரோப்பிய ஒத்திசைவோ, ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு நிலையில் நின்று மற்றதோடு பொருந்துவதை வைத்துக் கட்டப்பட்டது. ஆகவே ஒன்றை நிறுத்தினால் மற்றது வாடும். இந்த ஆல்பம் அந்தச் சிக்கலைச் சமாளிக்கும் விதம்தான் எனக்கு வியப்பு. வி. எஸ். நரசிம்மனின் வயலின் சில இடங்களில் முழுக் கமகத்தோடு பேசுகிறது, அப்போது சுற்றியுள்ள தந்தி வாத்தியங்கள் விலகி வழிவிடுகின்றன. வேறு இடங்களில் ஸ்வரங்கள் நேராக நிற்கின்றன, அப்போது பல குரல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' பகுதியில், பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கொண்ட தொகுப்பு) முன்னுரைப் பகுதி அப்படியே வருகிறது. அதைச் சுற்றி இளையராஜா எழுதிய குரல்கள், பாக் ஒற்றை வயலினுக்குள் மறைத்து வைத்திருந்த பேஸை வெளியே கொண்டுவருவதாகவே எனக்குக் கேட்கிறது. கோல்ட்பெர்க்கின் அடித்தளத்தைக் கேட்கக் கற்றுக்கொண்ட காது இங்கே அதன் பயனைக் காண்கிறது. இரண்டாண்டுகள் கழித்து, சௌராசியாவின் புல்லாங்குழலோடு அவர் செய்த 'நத்திங் பட் விண்ட்' இதைவிடக் கேட்க இனியது; ஆனால் சிந்தனையின் துணிவு முதல் ஆல்பத்தில்தான் அதிகம் என்பது என் முடிவு.

பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' (1967) இல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது, காரணம் ஸ்டூடியோவையே ஒரு வாத்தியமாகக் கேட்க அதுதான் பழக்கியது. முந்தைய ஆண்டு மேடை நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்ட அந்தக் குழு, மேடையில் வாசிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லாத பாடல்களை எழுதியது. நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட நாடா இயந்திரங்களில் அவ்வளவு அடுக்குகளும் அமைந்தன. கடைசிப் பாடலில், நாற்பது இசைக்கலைஞர்கள் தத்தம் வாத்தியத்தின் கீழ் ஸ்வரத்திலிருந்து உச்சிக்கு ஏறும் அந்தப் பகுதியையும், பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த கார்டு நாற்பது நொடிகளுக்கும் மேலாகத் தேய்வதையும் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டாம் பக்கம் தில்ரூபாவின் (வில்லால் இசைக்கும் வட இந்திய வாத்தியம்) ஒலியோடு இந்திய இசைக் கலைஞர்களுடன் தொடங்குவதையும் தட்டைத் திருப்பும் இடைவெளியோடு சேர்த்துக் கேட்டால்தான் அதன் துணிச்சல் விளங்கும்.

கீத் ஜாரெட்டின் 'கோல்ன் கான்சர்ட்' பற்றி எல்லோரும் சொல்லும் கதை, 1975 ஜனவரி 24 அன்று அவருக்குத் தவறான, பழுதுபட்ட சிறிய பியானோ கிடைத்தது என்பது. கதை உண்மைதான், ஆனால் அதைவிட, அந்தப் பியானோவின் மெலிந்த கீழ்ஸ்தாயியை ஈடுசெய்ய அவர் இடது கையில் திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு வடிவங்களைக் கேட்பதே பயன் தரும். ஒரு மணி நேரத்துக்கும் மேல், ஏறக்குறைய முழுவதையும் மேடையிலேயே உருவாக்கியபடி, ஒரே மனிதர் எப்போது ஒரு வடிவத்தை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதை நாம் உடனிருந்து கேட்கிறோம்.

தொடங்குபவருக்கு என் பரிந்துரை: முதலில் 'கால் ஆஃப் த வேலி', ஏனெனில் அது எவரையும் விரட்டாது. அடுத்து 'கைண்ட் ஆஃப் புளூ', முதல்முறை முழுவதுமாக, இரண்டாம் முறை பால் சேம்பர்ஸின் பேஸை மட்டும் பின்தொடர்ந்து. அதன்பின் கூல்டின் 1955 பதிவு, சில வாரங்கள் கழித்து 1981 பதிவு. உடனடியாக ஒப்பிட்டால் வேகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. 'ஹவ் டு நேம் இட்?' அதற்கும் பிறகு. பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள், ஓர் ஆல்பம் பிடிக்கவில்லை என்ற முடிவுக்கு மூன்று முறை கேட்கும்வரை வராதீர்கள், முதல்முறை அலுப்பூட்டிய பகுதி எது என்பதைக் குறித்து வைத்து அங்கேயே மீண்டும் போங்கள். 'எ லவ் சுப்ரீம்' மட்டும் கவிதையைப் படிக்காமல் முதலில் ஒருமுறை கேட்கப்பட வேண்டியது. அதன் பிறகு கவிதையைத் தேடியெடுத்து, நான்காம் பகுதியை வரி வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே கேளுங்கள்.